யார் அந்தக் கலை?

என் கலைக்கண்ணுக்கு,

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். நீ இருந்தபோது எழுதத் தேவையே வரவில்லை. காலையில் எழுந்தால் காட்டுப்பாக்கத்து வீட்டில் நீ. வேலைக்குப் போனால் காதுக்குள் நீ. நடுவில் கடிதத்துக்கு எங்கே இடம்?

இதை நம் சேனல் பக்கத்தில்தான் போடப்போகிறேன். உனக்குப் பிடிக்காது, தெரியும். "ஊட்டு விஷயத்த இன்னாத்துக்குய்யா ரோட்ல வெக்கிற?" என்பாய். ஆனால் ஒரு கேள்வியை நிறைய பேர் கேட்டுவிட்டார்கள். அவர்களைப் பார்த்துப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. உன்னிடம் சொன்னால் வரும்போல இருக்கிறது. அவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நான் வாலிபால் ஆடியவன். மாநில அணி வரைக்கும் போனேன். அந்த ஆட்டம்தான் எனக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை வாங்கித் தந்தது. பெண் பார்க்க வந்தபோது குத்தம்பாக்கத்தில் உன் தெருவே வாசலுக்கு வந்து என் உயரத்தை வேடிக்கை பார்த்தது. வலது தோள் போனதும் ஆட்டம் நின்றுவிட்டது. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராகப் போய் டோர்னமெண்டுகளில் மைக் பிடிப்பேன். நன்றாக ஆடுகிற பையன்கள், பெண்கள். சுற்றிலும் கூட்டம். மறுநாள் காலையில் பார்த்தால் தரையில் போட்ட சுண்ணாம்புக் கோடுகூட இருக்காது. அது எனக்கு என்னவோ செய்தது.

"கலை, இதுங்க ஆடுறத யாரும் எட்த்து வெக்கறதில்ல. நாமளே எட்த்தா இன்னா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"வேல?" என்றாய்.

"உட்டுட்டேன்."

பிறகு ஒரு காலையில் காபியை வைத்துவிட்டு, "அந்தப் பொட்டிய யாரு பாத்துக்கப் போறது?" என்று கேட்டாய். கேமராக்களின் படம் எல்லாம் வந்து சேரும் கருவியைத்தான் நீ பொட்டி என்றாய். கடைசி வரைக்கும் அதற்கு அதுதான் பெயர்.

இப்படித்தான் 'நெட்டோரம் ஸ்போர்ட்ஸ் மீடியா' பிறந்தது. முதலாளி என்று என் பெயரை எழுதினோம். பழைய வேன் ஒன்றின் பின்சீட்டைக் கழற்றி, மேசை போட்டு, திரைகளைப் பொருத்தினோம். நீ அப்போது அம்பத்தூரில் துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாய். கண்ணெதிரே வரிசையாகப் போகும் சட்டைகளில் எதில் தையல் விட்டிருக்கிறது என்று போகிற போக்கில் பிடிக்கிற வேலை. அதை விட்டுவிட்டு வேனுக்குள் வந்து உட்கார்ந்தாய். எந்தக் கேமராவின் படம் வெளியே போகவேண்டும் என்பது உன் விரலில் இருந்தது. நான் மைதானத்தின் ஓரத்தில் மேசை போட்டு மைக்கின் முன்னால். நாம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. நடுவில் என் ஹெட்போன் மட்டும்.

நேரலையில் ஊர் கேட்டது என் குரலை. என் காதில் கேட்டது உன் குரல்.

"யோவ், ஸ்கோர் சொல்லி எவ்ளோ நேரமாவுது? பாத்துகினு கீறவன் கெனா கண்டா தெரிஞ்சிப்பான்?"

"அந்த லெஃப்டு பக்கம் ஆடுற புள்ள பேர தப்பா சொல்ற. அது சரண்யா இல்ல, சரளா."

"தண்ணி குடிய்யா. தொண்ட கட்டிகினு கீது."

நான் தலையை மட்டும் ஆட்டுவேன். வாயால் பதில் சொன்னால் அது ஊருக்குக் கேட்டுவிடும் இல்லையா?

பூந்தமல்லியில் பள்ளிப் பெண்களின் ஆட்டம் ஒன்று உனக்கு நினைவிருக்கும். கடைசிப் பந்தை நெட்டில் அடித்துவிட்டு ஒரு பெண் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நம் கேமராமேன் சங்கர் அவள் முகத்தருகே போய்விட்டான். அவன் மேல் தப்பில்லை. எல்லோரும் அப்படித்தான் எடுக்கிறார்கள், ஜனங்களும் அதைத்தான் பார்க்கிறார்கள். உன் குரல் எங்கள் இரண்டு பேர் காதிலும் கேட்டது. "சங்கரு, கேமராவ திருப்பு. அது அழுவட்டும். நம்மளுக்கு அங்க இன்னா வேல?" திரையில் சட்டென்று வானம் வந்தது. நெடுஞ்சாலைப் பக்கத்து மரங்கள் வந்தன. அதற்குப் பிறகு நம் சேனலில் அழுகிற முகம் வந்ததே இல்லை.

நிகழ்ச்சி முடியும்போது உன் பெயரைச் சொல்கிறேன் என்று எத்தனையோ தடவை கேட்டேன். "சொல்லித் தொலச்சின்னா, நாளைலேர்ந்து சொந்தக்காரன்லாம் எம்புள்ளைய காட்டு, எம்மச்சான காட்டுன்னு போன் பண்ணுவான். உடு" என்றாய். விட்டுவிட்டேன்.

போன மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் வந்தாய். "சாயங்காலம் வந்துட்றேன். மாடில துணி கீது, எட்த்து உள்ள போடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாய். துணியை எடுத்துப் போட்டேன். நீ வரவில்லை. மறுநாள் காலையிலும் வரவில்லை. அதற்குமேல் எழுத என்னால் ஆகவில்லை, கலை.

பிறகு நான் வேலைக்குப் போகவில்லை. வேன் வாசலிலேயே நின்றது, அதன் மேல் சருகு விழுந்தது. சங்கர்தான் ஒரு நாள் வந்தான். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினான்.

"அண்ணாத்தே, திருமழிசை டோர்னமெண்டுக்காரங்க கேட்டுகினே கீறாங்க. வருஷா வருஷம் நாமதான பண்றோம்? அண்ணி இருந்தா இப்டி உட்டுருப்பாங்களா?"

"பொட்டிய யாருடா பாக்கறது?"

"நான் பாக்கறேன். கேமராவுக்கு வேற ஆள் சொல்லிக்கலாம். நீ வந்து மைக் மட்டும் புடி."

போனேன். திருமழிசை உனக்குத் தெரியாததா? ஒரு பக்கம் தொழிற்பேட்டை, ஒரு பக்கம் வயல், நடுவில் அந்த மைதானம். அதே கூட்டம். நெடுஞ்சாலையில் பஸ் போடுகிற ஹாரன் அதேபோல மைக்கில் விழுந்தது. எல்லாம் அதேபோல. காது மட்டும் அமைதி. சங்கர் வேனுக்குள் இருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. உன் இடத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்குச் சொல்ல அவனுக்குக் கூச்சம். ஹெட்போனில் லேசான இரைச்சல் ஒன்று எப்போதும் இருக்குமே, அது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

இறுதிப் போட்டி ஐந்தாவது செட்டுக்குப் போனது. திருமழிசையும் ஆவடியும். வெயில் இறங்கும் நேரம். பதிமூன்றுக்குப் பதிமூன்று. ஒரு பந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டே இருந்தது, விழமாட்டேன் என்றது. நான் பேசிக்கொண்டே இருந்தேன். அப்போது உன் குரல் கேட்டது. பேய் பிசாசு என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இத்தனை வருஷப் பழக்கம். அந்த இடத்தில் நீ "ஸ்கோர் சொல்லுய்யா" என்பாய், என் காது அதற்காகக் காத்திருந்தது, அவ்வளவுதான்.

"சரி கலை, சொல்றேன்" என்றேன். வாய்விட்டு. மைக்கில். "பதிமூணுக்குப் பதிமூணு."

மைதானத்து ஒலிபெருக்கியிலும் அது போய்விட்டது. ஏணி மேல் நின்ற நடுவர் ஒரு தரம் என் பக்கம் திரும்பினார். ஹெட்போனில் சங்கர், "அண்ணாத்தே…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். நான் நிறுத்தவில்லை. கடைசிப் பந்து வரைக்கும் சொன்னேன். திருமழிசைப் பையன்கள் ஜெயித்தார்கள். கூட்டம் உள்ளே ஓடியது.

பரிசு கொடுக்கும்போது, மேசையில் இருக்கும் சின்ன கேமராவில் வழக்கம்போல என் முகத்தைக் காட்டினான் சங்கர். பக்கத்தில் போனில் பார்த்தால் நேரலைக்குக் கீழே வரிசையாகக் கேள்விகள். யார் அந்தக் கலை? கலை அம்பயரா? அண்ணாத்தே லவ்வர்கூட பேசிகினு கீறார்டா. சிரிப்புப் பொம்மைகள். கேட்டவர்கள் மேல் கோபம் வரவில்லை. அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மைக்கை எடுத்தேன். "கலை என் மனைவி. பேரு கலைச்செல்வி. நம்ம சேனல்ல நீங்க பார்த்த ஒவ்வொரு ஆட்டத்தையும் வண்டிக்குள்ள உட்கார்ந்து உங்களுக்குக் காட்டினவங்க. இப்ப இல்லை. இரண்டாம் பரிசு ஆவடி அணிக்கு…" என்று தொடர்ந்தேன். அதற்குமேல் பேசினால், அழுகிற முகத்தைக் காட்டக்கூடாது என்ற உன் விதியை நானே மீறிவிடுவேன் என்று தெரிந்தது.

நான் மீறவில்லை. மற்றவர்கள் மீறினார்கள். யாரோ அந்தத் துண்டை மட்டும் வெட்டி, என் முகத்தை மெதுவாக ஓடவிட்டு, பின்னால் சோகமாக ஒரு இசையும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். எங்கே பார்த்தாலும் அது. டீக்கடையில் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. எதிர் அடுக்குமாடியில் ஐ.டி. வேலைக்காரப் பெண் ஒருத்தி, இதுவரை பேசியதே இல்லை, ஒரு டப்பாவில் பால்கொழுக்கட்டை கொண்டுவந்து கொடுத்துவிட்டு அழுதாள். எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் என்னை 'சார்' என்கிறார்கள். 'யோவ்' என்று கூப்பிட இந்த ஊரில் இப்போது எனக்கு ஒரு ஆள் இல்லை.

பெரிய மீடியா கம்பெனி ஒன்றிலிருந்தும் கூப்பிட்டார்கள். சிட்டியில், கண்ணாடிக் கட்டடம். மரியாதையாகத்தான் நடத்தினார்கள். பொறுப்பில் இருந்த பெண் நிதானமாகப் பேசினார். "சார், நெட்டோரத்தை நாங்க எடுத்து நடத்துறோம். நீங்க அலையவே வேண்டாம். ஏசி ரூம்ல உட்கார்ந்து கமெண்ட்ரி மட்டும் சொன்னா போதும். அதுக்கு முன்னாடி உங்க கதையை ஒரு ஸ்பெஷலா எடுக்கலாம்னு யோசிக்கிறோம். அந்த வேன்ல, மேடம் சீட் காலியா இருக்கும். நீங்க ஹெட்போனை மாட்டிக்கிட்டு அவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்."

"அழணுமாம்மா?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் தயங்கினார். "இயல்பா வந்தா நல்லா இருக்கும் சார்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். திரும்பும்போது பூந்தமல்லி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. போரூர் தாண்டியதும் இயல்பாக வந்தது. எடுக்க யாரும் இல்லை.

ஹைதராபாத்திலிருந்து யாழினி போன் செய்தாள். நம் மகள் உன்னைப்போலத்தான், நேராக விஷயத்துக்கு வருவாள்.

"ஒத்துக்கோப்பா. தனியா அந்த ஊட்ல இன்னா பண்ணப் போற? இல்லன்னா இங்க வந்துடு."

"பாக்கலாம்மா."

பிறகு கேட்டாள். "அப்பா, அம்மா கொரலு எதுலயாவது கீதாப்பா?"

தேடிப் பார்த்தேன், கலை. இத்தனை வருஷ ஆட்டங்களும் அலமாரியில் இருக்கின்றன. எதைப் போட்டாலும் நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். கத்துகிறேன், சிரிக்கிறேன், இருமுகிறேன். உன் குரல் என் காதுக்கு வந்த அந்த வழியைப் பதிவு செய்யவேண்டும் என்று நம் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. போனிலும் நீ பேசித்தான் வைப்பாய், எதையும் பதிந்து அனுப்பமாட்டாய். அவளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

கண்ணாடிக் கட்டடத்துக்காரர்களிடம் மறுநாளே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் வேண்டாம் என்று சொன்னதால் என் காது சரியாகிவிடவில்லை. அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு மறுபடி மைக் முன்னால் உட்கார என்னால் முடியாது. ரொம்ப யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். விஜயா டீச்சரை உனக்குத் தெரியும். ஆவடிப் பக்கம் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. ஒரு காலத்தில் நல்ல ஆட்டக்காரி. அவரிடம் போனேன்.

"நான் வண்டிக்குள்ள போறேன் டீச்சர். மைக்க நீங்க புடிங்க."

"ஐயோ, எனக்குக் கத்தத்தான் சார் வரும். பேச வராது."

"கத்துங்க."

போன ஞாயிறு முதல் ஆட்டம். வேனுக்குள் ஏறி உன் இடத்தில் உட்கார்ந்தேன். மேசை உன் உயரத்துக்குச் செய்தது. என் முட்டி இரண்டும் இடித்தது. இத்தனை வருஷத்தில் ஆட்டம் நடக்கும்போது நான் அங்கே உட்கார்ந்ததே இல்லை, யோசித்துப் பார். சங்கர் வயர்களைச் சொருகினான். பெரிய திரையில் வெளியே போகிற படம். அதன் கீழே சின்னச் சின்னச் சதுரங்களில் ஒவ்வொரு கேமராவும். கடைசிச் சதுரத்தில் மைக் மேசையும், விஜயா டீச்சரின் முகமும் தெரிந்தன.

"இது இன்னாத்துக்குடா இப்ப? இடைவேளைலயும் பரிசு குடுக்கறப்பவும் மட்டும்தான போடுவோம்?" என்று கேட்டேன்.

சங்கர் வயரைப் பிடித்தபடியே நின்றான். "வெளிய போறது அப்ப மட்டும்தான். ஆனா உள்ள எப்பவும் ஓடிகினேதான் இருக்கும் அண்ணாத்தே. அண்ணி அத அணைக்கவே உடமாட்டாங்க. ஒருவாட்டி நான் கேட்டேன். 'அந்தாளு மூஞ்சிய பாத்தாதான்டா எனக்கு ஆட்டம் புரியுது'ன்னாங்க."

அவனை இறங்கச் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டேன். கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது.

நான் தண்ணீர் குடிக்காததை நீ எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று ஆச்சரியப்பட்டிருக்கிறேன். குரலை வைத்துச் சொல்கிறாய் என்று நினைத்தேன். தோள் வலிக்கும்போது "கைய கீழ எறக்குய்யா" என்பாயே, அது? நீ பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாய். பந்து எங்கே போனாலும், கூட்டம் எப்படிக் கத்தினாலும், ஒரு கண் அந்தக் கடைசிச் சதுரத்தில். என்னிடம் ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் தலையை வாரிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்றா?

ஆட்டம் ஆரம்பித்தது. டீச்சர் நிஜமாகவே கத்தினார். நன்றாகத்தான் இருந்தது. நான் இரண்டு இடத்தில் தப்பான கேமராவைத் தட்டிவிட்டேன். ஒரு பாயிண்ட் முழுக்க ஜனங்கள் சோடா விற்பவரைப் பார்த்தார்கள். இரண்டாவது செட்டில் டீச்சர் தொண்டையைத் தடவிக்கொள்வதைப் பார்த்தேன். "தண்ணி குடிங்க டீச்சர்" என்றேன். அவர் திடுக்கிட்டு நாலாபக்கமும் திரும்பி யார் பார்க்கிறார்கள் என்று தேடினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு நாளுக்குப் பிறகோ.

ஆனால் அந்தச் சிரிப்பு நின்றதும் வேறொன்று வந்தது. நீ என் முகத்தை எல்லா நாளும் பார்த்தாய். அந்த வண்டிக்குள், திரைகளின் வெளிச்சத்தில், என்னைத் திட்டும்போது உன் முகம் எப்படி இருந்திருக்கும்? சிரித்துக்கொண்டே திட்டினாயா? நான் பார்த்ததில்லை. சங்கரும் பார்த்ததில்லை. அது யாருக்கும் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை.

உனக்குச் சொல்லவேண்டியது இன்னும் ஒன்று பாக்கி. ஆட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இப்போதெல்லாம் ராத்திரி நான் வீட்டுக்குப் போவதில்லை. குத்தம்பாக்கத்தில் புதுப் பஸ் நிலையம் வந்திருக்கிறதே, அங்கே போய் வண்டியை நிறுத்திக்கொள்கிறேன். நீ பிறந்த ஊரில் எனக்கு மாமனார் வீடு இருக்கிறது, போனால் சாப்பாடு போடுவார்கள். போவதில்லை. பெட்டியும் பிள்ளையுமாக ஜனங்கள் பஸ்ஸைத் தேடி ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எல்லோரும் எங்கேயோ போகிறார்கள், யாரையோ பார்க்க. கூட்டத்துக்குள் இருந்தால் தெரியாது என்று நினைத்தேன். தெரிகிறது. வீட்டுக்குக் குளிக்க மட்டும் போகிறேன். ஜன்னலைக்கூடத் திறப்பதில்லை. கீழ்வீட்டு அம்மா, "ஆள் கீறீங்களா இல்லியா சார், சத்தமே காணோம்" என்று கேட்டார்கள். சிரித்துவிட்டு வந்தேன்.

நீ போட்ட திரைச்சீலையெல்லாம் தூசி பிடித்துவிட்டது. வாசலில் கோலம் கிடக்கட்டும், தண்ணீர்கூடத் தெளிக்கவில்லை. பார்த்திருந்தால் என்னை வீட்டுக்குள்ளேயே விட்டிருக்கமாட்டாய்.

இந்த ஞாயிறு ஆவடியில் பெண்கள் ஆட்டம். போவேன். முடிந்ததும் வயர்களைச் சுருட்டி வைத்துவிட்டு, டீச்சரைப் பஸ் ஏற்றிவிட்டு, வேறெங்கும் நிற்காமல் நேராக நம் வீட்டுக்குப் போவேன். பூட்டைத் திறப்பேன். எல்லா அறையிலும் விளக்கைப் போடுவேன். உட்கார்ந்து சாப்பிடுவேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடவேண்டும் என்று என் கைக்கு இன்னும் தெரியவில்லை. பழக்கிக்கொள்கிறேன், கலை. நிச்சயமாகப் பழக்கிக்கொள்கிறேன்.

உன் ஊட்டுக்காரன்,
பன்னீர்